கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து யூசிக்கு: உறுதியாகக் கிடைக்கும் இடமும் உறுதியில்லாத இடமும்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகமும் கிடைக்கவில்லை, லாஸ் ஏஞ்சலிஸ் வளாகமும் கிடைக்கவில்லை, கிடைத்த ஒரே இடத்தின் கட்டணமோ கட்டுப்படியாகவில்லை என்ற நிலையில், ஆண்டுதோறும் மார்ச் மாத இறுதியில் ஃப்ரீமான்ட், சான் ஹோசே பகுதித் தமிழ் வீடுகளில் ஒரு பேச்சு எழுகிறது. அருகிலுள்ள கம்யூனிட்டி கல்லூரியில், அதாவது உள்ளூர் ஈராண்டு அரசுக் கல்லூரியில், இரண்டாண்டு படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாமா? மாறலாம் என்பதே விடை. ஆனால் வீட்டார் எண்ணுவது போல அது வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளும் இடமும் அல்ல; பிள்ளைகள் அஞ்சுவது போல முழுக்க முழுக்கக் குலுக்கல் சீட்டும் அல்ல. அந்தப் பாதையில் எழுத்தில் உறுதி தரப்படும் பகுதி ஒன்று உண்டு. எவராலும் உறுதி சொல்ல முடியாத பகுதியும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் தொடங்குவதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் நேர்கின்றன. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இளநிலை மாணவராக இடம் மாற விரும்புவோருக்காக, அந்தப் பிரிவினையை அடிப்படையாக வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது

கலிபோர்னியாவின் உயர்கல்வி அமைப்பு 1960ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட பெருந்திட்டத்தின் மேல் நிற்கிறது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், அதாவது பேச்சில் யூசி; முதல் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், அதாவது கால் ஸ்டேட்; படிக்க விரும்பும் எவருக்கும் கம்யூனிட்டி கல்லூரி என்று அத்திட்டம் பங்கிட்டது. கம்யூனிட்டி கல்லூரியில் தொடங்கியவர் அங்கேயே நின்றுவிடக் கூடாது, தகுதி இருந்தால் மூன்றாம் ஆண்டில் மேலே ஏற வழி இருக்க வேண்டும் என்பதும் அதே திட்டத்தின் பகுதிதான். ஆகவே இந்த இடமாற்றம் பின்கதவு வழியன்று. புதிதாகப் பள்ளியிலிருந்து வரும் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் இடமாற்ற மாணவர்களைச் சேர்ப்பதை யூசி தன் இலக்காக வைத்திருக்கிறது. அப்படிச் சேர்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இம்மாநிலத்தின் 116 கம்யூனிட்டி கல்லூரிகளிலிருந்து வருபவர்களே.

கட்டணத்தையும் சொல்லிவிட வேண்டும். மாநிலக் குடியிருப்பாளராகக் கருதப்படும் மாணவருக்குக் கம்யூனிட்டி கல்லூரியில் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு ஒன்றுக்கு, 46 டாலர். இடமாற்றத்துக்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் ஆகிறது. "கம்யூனிட்டி காலேஜா?" என்று புருவம் உயர்த்தும் உறவினர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

தொடங்குமுன் ஒரு விதியை அறிந்திருப்பது நல்லது. பள்ளி முடித்தபின் இலையுதிர் பருவத்தில் ஏதேனும் ஒரு கல்லூரியில் முறையாகச் சேர்ந்துவிட்டால், அதன்பின் யூசிக்கு முதலாண்டு மாணவராக மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. பள்ளி முடித்த உடனே வரும் கோடை வகுப்பு மட்டும் இதற்கு விலக்கு. "ஒரு செமஸ்டர் போய்ப் பார்ப்போம், அடுத்த ஆண்டு திரும்பவும் முதலாண்டுக்கே போடுவோம்" என்று எண்ணுபவர்களுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

மூன்று வகை உறுதி

குறைந்தபட்சத் தகுதி, ஒப்பந்த உறுதி, போட்டித் தேர்வு என மூன்று நிலைகள் உள்ளன. பலரும் முதலாவதைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள்.

குறைந்தபட்சத் தகுதி என்பது யூசி ஏற்கும் பாடங்களில் 60 செமஸ்டர் யூனிட், அல்லது ஆண்டை இன்னும் சிறிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் 90 யூனிட், குடியிருப்பாளருக்கு 2.4, வெளியாருக்கு 2.8 ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்), இவற்றுடன் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு, கணிதம் ஒன்று, கலை, சமூக அறிவியல், அறிவியல் ஆகியவற்றில் குறைந்தது இரு துறைகளிலிருந்து நான்கு என ஏழு பாடங்கள். இவை இருந்தால் உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பார்கள், அவ்வளவுதான்.

ஒப்பந்த உறுதி என்பது டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி எனப்படும் ஏற்பாடு. மாணவர் பேச்சில் அது "டேக்". டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் இதைத் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ ஆகிய மூன்றும் தருவதில்லை. வளாகம் கேட்கும் ஜிபிஏ, பாடங்கள், யூனிட்டுகள் ஆகியவற்றை நீங்கள் நிறைவேற்றினால் இடம் உண்டு என்பது டேக்கின் சாரம். இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம், எல்லாப் பட்டப்பிரிவுக்கும் டேக் கிடையாது என்பதே. சான்டா பார்பராவில் பொறியியல் கல்லூரியின் பிரிவுகள் டேக்குக்கு வெளியே நிற்கின்றன. கணினி அறிவியலும் அங்கே அக்கல்லூரிக்குள்தான் இருக்கிறது. எந்த வளாகம், எந்தப் பிரிவு, எவ்வளவு ஜிபிஏ என்ற பட்டியல் ஆண்டுதோறும் மாறுவதால், அண்ணன் போன ஆண்டின் பட்டியலைத் தம்பிக்குக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, போட்டித் தேர்வு. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் அண்மை ஆண்டுகளில் இடமாற்ற விண்ணப்பதாரர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரை எடுத்திருக்கின்றன. நான்கில் ஒன்று என்பது நல்ல வாய்ப்பாகத் தோன்றும். ஆனால் அது எல்லாப் பிரிவுகளையும் சேர்த்த சராசரி. லாஸ் ஏஞ்சலிஸ் கணினி அறிவியலில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இடம் கிடைக்கிறது. யூசி தன் தளத்தில் ஒவ்வொரு வளாகத்துக்கும் பட்டப்பிரிவு வாரியாக விண்ணப்பித்தவர், எடுக்கப்பட்டவர், எடுக்கப்பட்டவர்களின் நடு ஐம்பது விழுக்காட்டினரின் ஜிபிஏ ஆகியவற்றை வெளியிடுகிறது. வளாகத்தின் மொத்த விழுக்காட்டைப் பார்த்து முடிவெடுக்காமல், உங்கள் பிரிவின் வரிசையை மட்டும் பாருங்கள். அந்த நடு வரம்பின் கீழ் எல்லையைவிட உங்கள் ஜிபிஏ தாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கவே கூடாது என்பதில்லை. ஆனால் அந்த வளாகத்தை மட்டும் நம்பி வீட்டு வாடகை ஒப்பந்தம் போடக் கூடாது.

பின்னிருந்து முன்னாக ஒரு நாட்காட்டி

இரண்டாண்டு இருக்கிறது, முதலாண்டு பழகிக்கொள்வோம், இரண்டாமாண்டு முழுமூச்சாகப் படிப்போம் என்ற எண்ணமே இந்தப் பாதையில் அதிகம் பேரைச் சறுக்க வைக்கிறது. நாட்களைப் பின்னிருந்து எண்ணினால் காரணம் புலப்படும்.

2026 ஆகஸ்டில் ஒரு செமஸ்டர் முறைக் கல்லூரியில் சேரும் மாணவி, 2028 இலையுதிர் பருவத்தில் யூசியில் நுழைய விரும்புகிறார் எனக் கொள்வோம். அவர் தம் சேர்க்கை விண்ணப்பத்தை 2027 அக்டோபர் 1 முதல் நவம்பர் 30க்குள் அனுப்ப வேண்டும். கடைசி நாள் வார இறுதியில் விழுந்தால் ஓரிரு நாள் தள்ளிப்போவதுண்டு. டேக் விண்ணப்பமோ அதற்கும் முன்பே, 2027 செப்டம்பர் மாதத்துக்குள் போயாக வேண்டும். அதாவது அவருடைய தகுதியை எடைபோடும் நேரத்தில் கையில் இருப்பது முதலாண்டின் இரண்டு செமஸ்டரும் ஒரு கோடையும் மட்டுமே. இரண்டாமாண்டின் முதல் செமஸ்டர் மதிப்பெண் ஜனவரியில் சேர்ந்துகொள்ளும். கடைசிச் செமஸ்டர் வெறும் திட்டமாகத்தான் காட்டப்படும். பழகிக்கொள்வதற்கென்று ஒதுக்கிய முதலாண்டுதான் அவருடைய விண்ணப்பம் முழுவதும்.

டேக்குக்கு விண்ணப்பிக்கும்போது 30 செமஸ்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 15 யூனிட் எடுத்தால் முதலாண்டு முடிவில் சரியாக 30 வரும். எடுத்த ஒரு பாடத்தை நடுவில் கைவிட்டாலே குறைந்துவிடும். ஆகையால் முதல் கோடையில் ஒரு பாடத்தை எடுத்து வைத்துக்கொள்வது வழிப்போக்கன் கட்டுச்சோறு போல உதவும். ஆனால் யூசிக்குப் புறப்படுவதற்கு முந்தைய கடைசிக் கோடையை அப்படி நம்ப முடியாது. தேவையான யூனிட்டுகளும் முக்கியப் பாடங்களும் அந்த ஆண்டின் வசந்தப் பருவத்துக்குள் முடிந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான வளாகங்களின் எதிர்பார்ப்பு.

குபெர்டினோவின் டி ஆன்சாவும் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸின் ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறையில் நடப்பவை. ஃப்ரீமான்டின் ஓலோனி செமஸ்டர் முறையில் நடப்பது. ஒரு செமஸ்டர் யூனிட், ஒன்றரைக் குவார்ட்டர் யூனிட்டுக்குச் சமம். இரு கல்லூரிகளில் மாறி மாறிப் பாடம் எடுப்பவர்கள் இந்தப் பெருக்கலை மறந்து, மொத்த யூனிட்டைத் தவறாகக் கூட்டிவிடுகிறார்கள். தொடர் பாடங்களை, குறிப்பாக கால்குலஸ், இயற்பியல் வரிசைகளை, ஒரே கல்லூரியில் தொடங்கி அங்கேயே முடிப்பது நலம். ஒரு முறையில் மூன்று பாடமாகப் பிரித்ததை மற்றொன்றில் இரண்டாகப் பிரித்திருந்தால் நடுவில் சிக்கிக்கொள்ள நேரும்.

பாடங்களைத் தேர்ந்தெடுத்தல்

எந்தக் கம்யூனிட்டி கல்லூரியின் எந்தப் பாடம், எந்த யூசி அல்லது கால் ஸ்டேட் வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதற்கு மாநிலம் முழுவதற்குமான அதிகாரபூர்வத் தளம் ஒன்று உண்டு. அதன் பெயர் அசிஸ்ட். உங்கள் கல்லூரி, செல்ல விரும்பும் வளாகம், பட்டப்பிரிவு ஆகிய மூன்றையும் கொடுத்தால் அது ஒப்பந்தப் பட்டியலைக் காட்டும். முதல் வாரத்திலேயே குறைந்தது நான்கு வளாகங்களின் பட்டியல்களை அச்சிட்டு, பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான பாடங்கள் முதலில்; ஒரே ஒரு வளாகம் மட்டும் கேட்பவை கடைசியில். பெர்க்லி மட்டுமே கேட்கும் ஒரு பாடத்தை முதல் செமஸ்டரில் எடுத்து, ஐந்து வளாகங்கள் கேட்கும் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன்; இடம் முடிவாகும் நேரத்தில் அந்த வரிசை அவர்களுக்கு எதிராகவே நின்றது.

கணினி அறிவியலும் பொறியியலும் விரும்புவோருக்கு உண்மையான தடை கணித வரிசைதான். கால்குலஸ் முதல் பகுதி முடியாமல் இரண்டாவது இல்லை. அது இல்லாமல் மூன்றாவது இல்லை. இயற்பியல் வரிசையும் கால்குலஸைத் தொட்டுக்கொண்டே போகும். லீனியர் ஆல்ஜீப்ராவும் டிஃபரென்ஷியல் சமன்பாடுகளும் அதற்குமேல். பள்ளியில் கால்குலஸ் வரை வராத மாணவர் முன்கால்குலஸில் தொடங்கினால், நான்கு செமஸ்டருக்குள் அந்த ஏணியின் உச்சிப் படியை எட்டுவது கடினம். அப்படிப்பட்டவர் இரண்டரை அல்லது மூன்றாண்டு எடுத்துக்கொள்வதில் வெட்கத்துக்குரியது எதுவும் இல்லை. "இரண்டாண்டில் முடிக்கணும்" என்ற வீட்டு நெருக்கடிக்காக ஒரே செமஸ்டரில் கால்குலஸையும் இயற்பியலையும் நிரலாக்கத்தையும் சேர்த்து அடுக்கிக்கொண்டு மூன்றிலும் பி, சி வாங்குவதைவிட, ஒரு செமஸ்டர் கூடுதலாக எடுத்து ஏ வாங்குவதே சேர்க்கைக்கு நல்லது என்பது என் கருத்து. பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபியில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தால், சில படிகளைத் தாண்ட அது உதவலாம். எந்த வளாகம் எதை ஏற்கிறது என்பதை அந்தந்த வளாகத்தின் பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

பொதுக்கல்விப் பாடங்களுக்கு 2025 இலையுதிர் பருவத்திலிருந்து கால்கெட்சி என்ற ஒரே தொகுப்பு, பழைய இரண்டு தொகுப்புகளுக்கு மாற்றாக வந்திருக்கிறது; அதில் 34 யூனிட். கலை, சமூக அறிவியல், வணிகம் சார்ந்த பிரிவினருக்கு இதை முடித்துவிட்டுப் போவது யூசியில் பெரும் சுமையைக் குறைக்கும். பொறியியல் போன்ற பாடச்சுமை மிக்க பிரிவினர் மட்டும் முதன்மைப் பாட முன்தேவைகளை, அதாவது அந்தப் பிரிவில் நுழையுமுன் முடித்திருக்க வேண்டிய பாடங்களை, முன்னிறுத்தி, பொதுக்கல்வியில் இயன்றதை மட்டும் எடுக்க வேண்டும். கல்லூரியில் பாடத்தேர்வுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஒருவர் பழக்கதோஷத்தில் "முதலில் பொதுக்கல்வியை முடி" என்று சொன்னால், அசிஸ்ட் பட்டியலை அவர் முன் வைத்துப் பேசுங்கள். கவுன்சிலர்கள் நல்லவர்கள்தான், ஒரு நாளில் அவர்கள் பார்க்கும் மாணவர்களின் எண்ணிக்கைதான் பெரிது.

மதிப்பெண் கணக்கின் சில வினோதங்கள்

ஜிபிஏவைக் கணக்கிட யூசி தான் ஏற்கும் பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 30 யூனிட்டில் 25 யூனிட் ஏ, ஐந்து யூனிட் கால்குலஸ் மட்டும் சி என்றால் வருவது 3.67, அதே கால்குலஸில் பி வந்திருந்தால் 3.83. யூனிட் அதிகமுள்ள பாடம் ஒன்று எவ்வளவு இழுக்கும் என்பதை இது காட்டும். இடமாற்ற மாணவர்களுக்குக் கூட்டல், கழித்தல் குறிகளும் கணக்கில் வரும். ஏ கழித்தல் என்பது 3.7.

சி கழித்தல் அல்லது அதற்குக் கீழ் வந்த பாடத்தைத் திரும்பப் படித்தால் இரண்டாவது மதிப்பெண் எடுத்துக்கொள்ளப்படும். முழு சி வந்துவிட்டால் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும். திரும்பப் படித்தாலும் பழைய சிதான் நிற்கும். டி வாங்கியவருக்கு மீட்சி உண்டு, சி வாங்கியவருக்கு இல்லை என்ற இந்த விதியைக் கேட்டுச் சிரிக்காத மாணவரை நான் கண்டதில்லை. அதற்காக வேண்டுமென்றே டி வாங்கத் துணிய வேண்டாம். செமஸ்டரின் நடுவில் நிலைமை மோசமாகிறது என்று தெரிந்தால், கல்லூரி அறிவித்திருக்கும் கடைசி நாளுக்குள் பாடத்திலிருந்து விலகுவது ஒரு வழி. விலகல் ஜிபிஏவைத் தொடாது. ஒன்று இருந்தால் எவரும் பொருட்படுத்துவதில்லை. அடுக்கடுக்காக இருந்தால் விளக்கம் தேவைப்படும். தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்ற முறையில் எடுக்கும் பாடங்களுக்கும் 14 செமஸ்டர் யூனிட் என்ற எல்லை உண்டு; முதன்மைப் பாட முன்தேவைகளை அந்த முறையில் எடுக்கவே கூடாது.

செப்டம்பரும் நவம்பரும்

டேக் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பெருமை குறுக்கிடக் கூடாது. மற்றெல்லாம் கைவிட்டாலும் நான் உண்மையிலேயே போய்ப் படிப்பேன் என்று சொல்லக்கூடிய வளாகமும் பிரிவும் எது என்று கேட்டு, அதற்கே டேக் போடுங்கள். போகவே மாட்டேன் என்று முடிவு செய்த இடத்துக்கு உறுதி வாங்கி வைத்திருப்பது வீண். டேக் ஒப்புதல் நவம்பரில் வரும். ஆனால் அதே வளாகத்துக்கு, அதே பிரிவுக்கு, பொது விண்ணப்பத்தையும் காலத்துக்குள் அனுப்பினால்தான் அந்த உறுதி நிற்கும். ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று எண்ணிப் பொது விண்ணப்பத்தைத் தவறவிடுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

ஒரே பொது விண்ணப்பத்தில் யூசியின் ஒன்பது இளநிலை வளாகங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். உள்நாட்டு மாணவருக்கு ஒரு வளாகத்துக்கு 80 டாலர் கட்டணம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு நான்கு வளாகங்கள் வரை விலக்கு உண்டு. நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள் விடை எழுத வேண்டும். அவற்றில் ஒன்று அனைவருக்கும் கட்டாயம்: தேர்ந்தெடுத்த பிரிவுக்கு நீங்கள் எவ்வாறு தயாராகியிருக்கிறீர்கள் என்பது. இங்கே அழகான உவமைகளைவிட, எந்தப் பாடம் எதைக் கற்றுத் தந்தது, எந்த வேலையில் அல்லது எந்தத் திட்டப்பணியில் அதைப் பயன்படுத்தினீர்கள் என்ற செய்திகளே எடுபடும். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டோ, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டோ படித்தவர்கள் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். வாரத்தில் 20 மணி நேரம் கடையில் நின்றுவிட்டு 3.7 வாங்குவதும், வேறு வேலையின்றி 3.7 வாங்குவதும் ஒன்றல்ல என்பது விண்ணப்பத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

போட்டி குறைந்த பிரிவில் நுழைந்து, உள்ளே போனபின் கணினி அறிவியலுக்குத் தாவிவிடலாம் என்ற யோசனை ஒவ்வொரு கூடத்திலும் எவராவது ஒருவர் சொல்வதுதான். பல வளாகங்கள் கூட்டம் மிகுந்த பிரிவுகளுக்குள் பின்னர் மாறுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. இடமாற்ற மாணவருக்கு எஞ்சியிருக்கும் இரண்டாண்டில் அதற்குக் காலமும் இல்லை. எந்தப் பிரிவில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேற மனம் ஒப்புமோ, அதற்கே விண்ணப்பியுங்கள்.

ஜனவரியில் ஒரு சிறு வேலை, ஆனால் மறந்தால் பெருங்கேடு: இலையுதிர் பருவ மதிப்பெண்ணையும் வசந்தப் பருவப் பாடத்திட்டத்தையும் புதுப்பித்து ஜனவரி 31க்குள் அனுப்ப வேண்டும். கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பத்துக்கு மார்ச் 2 என்ற நாளையும் அதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கால் ஸ்டேட் என்ற இரண்டாம் கால்

யூசியை மட்டுமே நினைத்திருப்பவர்களும் கால் ஸ்டேட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கம்யூனிட்டி கல்லூரியில் இடமாற்றத்துக்கான அசோசியேட் பட்டம் என்ற தனிப்பட்டத்தை முடித்தவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் ஏதேனும் ஓர் இடம் உறுதி. 2010இல் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு அடிப்படை. எந்த வளாகம் என்பது மட்டும் உறுதியில்லை. சான் ஹோசே ஸ்டேட் எல்லாப் பிரிவுகளிலும் நெரிசல் மிகுந்தது என்று அறிவிக்கப்பட்ட வளாகமாதலால், வீட்டிலிருந்தே போய் வரலாம் என்ற கணக்கு அங்கே சரிவராமல் போகலாம். பேச்சு, எழுத்து, தர்க்க சிந்தனை, கணிதம் ஆகிய நான்கு அடிப்படைப் பாடங்களையும் சி கழித்தலுக்குக் குறையாமல் முடித்திருக்க வேண்டும் என்பது கால் ஸ்டேட்டின் தனி நிபந்தனை. யூசியை மட்டுமே கருதிப் படித்த பலர் பேச்சுப் பாடத்தை விட்டுவிட்டுக் கடைசியில் திண்டாடுகிறார்கள்.

ஏற்கெனவே வேறு பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களும்

ரிவர்சைடில் முதலாண்டு படித்துக்கொண்டு பெர்க்லிக்கு மாற நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: யூசி வளாகங்கள் கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களுக்கே முதலிடம் தருகின்றன; பிற நான்காண்டுக் கல்லூரியிலிருந்து வருபவர் அவர்களுக்குப் பின்னேதான் நிற்கிறார். டேக்குக்கோ, இடமாற்றத்துக்கு முன் கடைசியாக முறையாகப் படித்த பருவம் கம்யூனிட்டி கல்லூரியில் இருக்க வேண்டும். அதற்காகக் கையிலுள்ள யூசி இடத்தை விட்டுவிட்டு வருவது சூதாட்டம். மாற விரும்பும் காரணம் உண்மையில் படிப்பா, இல்லை முதலாண்டின் தனிமையா என்று பொறுமையாகப் பிரித்துப் பார்த்தபின் முடிவெடுங்கள். எப்படியானாலும், புதிய இடம் எழுத்தில் உறுதியாகும்வரை பழைய இடத்தை விட வேண்டாம்.

தமிழ்நாட்டில் ஓராண்டோ ஈராண்டோ பொறியியல் படித்துவிட்டு இங்கே குடும்பத்தோடு வந்தவர்கள், அந்தப் படிப்பைச் சொல்லாமல் மறைத்துவிட்டால் புதிதாகத் தொடங்கலாம் என்று எண்ணுகிறார்கள். படித்த கல்லூரிகள் அனைத்தையும் தெரிவிக்க வேண்டும் என்பது யூசியின் விதி. பின்னர் தெரியவந்தால் சேர்க்கையே ரத்தாகலாம். அங்கே படித்த பாடங்கள் யூனிட் கணக்கில் ஓரளவு ஏறலாம். ஆனால் முதன்மைப் பாட முன்தேவைக்கு ஈடாகுமா என்பதை அந்தந்தத் துறைதான் முடிவு செய்யும். அதனால் கால்குலஸ் போன்ற திறவுகோல் பாடங்களை இங்கே கம்யூனிட்டி கல்லூரியில் மீண்டும் எடுப்பதே பாதுகாப்பான வழி.

மாணவர் விசாவில் வருபவர்களுக்கும் டேக் உண்டு. ஆனால் கம்யூனிட்டி கல்லூரியில் ஒரு யூனிட்டுக்குச் சில நூறு டாலர். யூசியிலோ வெளிமாநிலத்தாருக்கான கூடுதல் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 37 ஆயிரம் டாலருக்கும் மேல். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகள், உரிய நிபந்தனைகள் நிறைவேறினால் மாநிலக் குடியிருப்பாளராகக் கருதப்படலாம். ஆனால் 21 வயதில் அந்தச் சார்பு விசா முடிந்துவிடும். கம்யூனிட்டி கல்லூரியில் மூன்றாண்டு எடுக்கத் திட்டமிடும் எச்-4 மாணவரின் பிறந்தநாள் எந்தச் செமஸ்டரில் விழுகிறது, அதன்பின் கட்டண வகை என்னவாகும் என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடமும் குடியிருப்புத் தகுதியை முடிவு செய்யும் கல்லூரியின் ரெசிடன்சி அலுவலகத்திலும் சேரும்முன்பே கேட்டுவிட வேண்டும். நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி வழக்கமாக இரண்டாண்டு தாமதமாகவே கேட்கப்படுகிறது.

ஏப்ரல் முதல் ஜூலை வரை

இடமாற்ற முடிவுகள் ஏப்ரல் இறுதிக்குள் வந்துவிடும். ஜூன் 1க்குள் ஓர் இடத்தை ஏற்றுக்கொள்வதாக அறிவிக்க வேண்டும். சில வளாகங்கள் காத்திருப்புப் பட்டியலில் இடம் தருவார்கள். அதை ஏற்றுக்கொண்டால் வேறொரு வளாகத்தை ஏற்கக் கூடாது என்பதில்லை. கிடைத்த இடத்துக்கு உரிய தொகையைக் கட்டி உறுதி செய்துவிட்டு, காத்திருப்புப் பட்டியலிலும் நில்லுங்கள். மறுப்புக்கு எதிராக முறையீடு செய்யலாம். ஆனால் விண்ணப்பத்தில் இல்லாத, முடிவை மாற்றக்கூடிய புதுச் செய்தி இருந்தால்தான் பயன். "எனக்கு இந்த வளாகம்தான் கனவு" என்பது புதுச் செய்தி அன்று.

கிடைத்த இடம் நிபந்தனைக்கு உட்பட்டது என்பதை மே மாதத்தில் மறந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தில் எடுப்பதாகச் சொன்ன வசந்தப் பருவப் பாடம் ஒன்றை விட்டாலோ, அதில் தோற்றாலோ, சேர்க்கை திரும்பப் பெறப்படலாம். பாடத்தை மாற்ற நேர்ந்தால், மாற்றும் முன்பே அந்த வளாகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஜூலை 1க்குள், நீங்கள் ஒரே ஒரு கோடை வகுப்பு எடுத்திருந்தாலும் அந்தக் கல்லூரி உட்பட, படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல் போய்ச் சேர வேண்டும். பள்ளிக்காலத்தில் மாலை வகுப்பாக ஒரு பாடம் படித்த பக்கத்து ஊர்க் கல்லூரியின் பட்டியலைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அதற்கான விண்ணப்பத்தை ஜூன் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.